கழனி மேல கட்டின வீட்டுக்கு என்ன மரம் வைக்கலாம்?

"தம்பி, கன்னு கொடுத்தவன் ஏமாத்திட்டான். வந்து பாருங்க"ன்னு அந்த சார் என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். 2024 பொங்கல் முடிஞ்ச வாரம். மிக்ஜாம் புயல் தண்ணி வடிஞ்சு ஒரு மாசம் ஆகியிருந்தது. பெரும்பாக்கத்துல காம்பவுண்டு சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு அப்படியே காய்ஞ்சு கிடந்தது.

அரை கிரவுண்டு மனை. வீடு, சம்ப், செப்டிக் டேங்க், கார் நிறுத்த பேவர் பிளாக் போக, வாசல் பக்கம் பத்தடிக்குப் பதினாலு அடி மண் மிச்சம். அதுல ஒன்பது மரம் வச்சிருந்தார். பப்பாளி ரெண்டு, பலா, எலுமிச்சை, மாதுளை, பெருநெல்லி, அவகேடோ, மா, கொய்யா. பணி ஓய்வு வாங்கின பணத்துல வீடு கட்டி, பேரப்பிள்ளைங்க பறிச்சுத் தின்னணும்னு ஆசை ஆசையா வாங்கி வச்சது.

அவகேடோ போன கோடையிலேயே கருகிடுச்சாம். பப்பாளி ரெண்டும் தண்ணி நின்ன நாலு நாள்ல துவண்டு, அஞ்சாம் நாள் சாய்ஞ்சிருக்கு. பலா இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிட்டு இருந்தது. எலுமிச்சை நுனியிலிருந்து காய்ஞ்சு வந்தது, அடித்தண்டுல பிசின். மாதுளை குச்சியா நின்னுச்சு. மாவும் நெல்லியும் வாடி இருந்தாலும் உயிர் இருந்தது. கொய்யா மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி புதுத் துளிர் விட்டிருந்தது.

"கன்னு மேல தப்பில்ல சார்"னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் வரல. ஏன்னா அந்த மனை, எங்க பெரியப்பாவோட கழனி.

அதை நாங்க பள்ளக்கழனின்னு சொல்லுவோம். ஏரி ஆயக்கட்டுலயே தாழ்ந்த துண்டு. இந்தப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு போகம் உண்டு. கார்த்திகை பிறந்துட்டா பள்ளக்கழனியில முழங்கால் தண்ணி நிக்கும். வரப்பு தெரியாது. பெரியப்பா அங்க உயரமா வளர்ற நெல்லைத்தான் நடுவார். ஒரு வருஷம் பேராசையில கத்தரி போட்டுப் பார்த்தார், மொத்தமும் அழுகிப்போச்சு. "இந்த மண்ணு நெல்லுக்குன்னே பொறந்தது"ன்னு அதோட விட்டுட்டார்.

பிறகு ரோடு வந்தது, கம்பெனி வந்தது, விலை வந்தது. நாங்க வித்தோம். லாரி லாரியா சவுடு கொட்டி மூணடி உயர்த்தி, கல் நட்டு, மனை போட்டாங்க. எங்க வீட்டுக் கல்யாணமும் அந்தப் பணத்துலதான் நடந்தது. அதனால மனை வாங்கினவங்களைப் பார்த்து "கழனியில வீடு கட்டிட்டீங்களே"ன்னு பேசுற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு அவங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாம இருக்கிறதும் சரியில்லைன்னு இப்ப தோணுது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதாங்க: தோட்டத்துக்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பழம் பிடிக்கும்ங்கிறதுல ஆரம்பிக்காதீங்க. இந்த இடம் முன்னாடி என்னவா இருந்ததுன்னு கேளுங்க. அதைக் கேட்டாலே பாதி மரம் பட்டியலை விட்டுப் போயிடும்.

ஊர்ப் பேரே சொல்லிடும். பக்கத்து ஊர் அரசன்கழனி. பேர்லயே கழனி இருக்கு. இந்தப் பக்கத்து ஏரியெல்லாம் ஒண்ணு நிரம்பி, கலங்கல் வழிஞ்சு, அடுத்ததுக்குப் போய், கடைசியில பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கடல். 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்த்த சதுப்பு நிலம் அது. அதோட வாசல்லதான் நாம குடியிருக்கோம். சென்னைக்கு வர்ற மழையில பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில வடகிழக்குப் பருவமழையாக் கொட்டுது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கின மழையில தாம்பரத்துல மட்டும் ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பதிவாச்சு. அந்தத் தண்ணிக்கு மனைப்பிரிவு வரைபடம் தெரியாது. பழைய வழியைத்தான் தேடும்.

தண்ணி நின்னா மரம் ஏன் சாகுது? வேருக்கும் மூச்சு வேணும். மண் துகளுக்கு நடுவுல இருக்கிற சந்துல காத்து இருக்கும், வேர் அதைத்தான் இழுக்குது. அந்தச் சந்துல தண்ணி நிரம்பிட்டா வேர் மூச்சுத் திணறிச் சாகும், பூஞ்சை வந்து அழுகும். நெல்லுக்கு அந்தக் கவலை இல்ல. தண்டுக்குள்ளயே காத்துப் போக வழி வச்சிருக்கு, இலையிலிருந்து வேர் வரைக்கும் காத்து இறங்கும். பப்பாளிக்கு அது கிடையாது. ரெண்டு நாள் வேர் தண்ணியில நின்னாப் போதும், கதை முடிஞ்சது. பெரியப்பா சொன்ன "நெல்லுக்குன்னே பொறந்தது" இதுதான்.

இங்க ஒரு விவாதத்தையும் தாண்டிப் போகணும். இப்ப நகரத்து நண்பர்கள் நிறைய பேர் "நாட்டு மரம்தான் வைப்பேன்"னு சொல்றாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா நம்ம தோட்டத்துப் பழத்துல பாதி கடல் கடந்து வந்தது. கொய்யா, சப்போட்டா, பப்பாளி, சீத்தா எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பலா நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மரம், அசல் நாட்டு மரம். ஆனா பள்ளக்கழனியில அந்த நாட்டு மரம் செத்துது, வெளியூர்க் கொய்யா நிக்குது. பலாவுக்குத் தண்ணி வடியற மண் வேணும். பண்ருட்டியில பலா அப்படிக் காய்க்குதுன்னா அங்க இருக்கிற செம்மண் மேடு காரணம். அதே கன்னைக் கொண்டாந்து களிமண்ணுல வச்சுட்டு பண்ருட்டிப் பலாவை எதிர்பார்க்கக் கூடாது.

அதே மாதிரிதான் மத்ததும். எலுமிச்சைக்குப் புளியங்குடி, மாதுளைக்கு சோலாப்பூர் மாதிரி வறண்ட காத்து, அவகேடோவுக்கு கொடைக்கானல் கீழ்மலை, ரம்புட்டானுக்கு குன்னூர் மலையடிவாரத்துக் கல்லாறு. ஒவ்வொண்ணும் அதுக்குப் பிடிச்ச இடத்துல நல்லா இருக்கு. நர்சரியில எல்லாம் ஒரே வரிசையில, ஒரே கறுப்புப் பையில, பழத்தோட படம் ஒட்டி நிக்கிறதால நமக்கு எல்லாம் ஒண்ணுன்னு தோணுது.

சரி, எதைத்தான் வைக்கிறது? என் கருத்தைச் சொல்றேன்.

முதல் மரம் கொய்யா. கொஞ்ச நாள் தண்ணி நின்னாலும் தாங்கும், ஓரளவு உப்பும் தாங்கும். லக்னோ 49 மாதிரி பழைய ரகமே போதும், பதியன் போட்ட கன்னா வாங்குங்க. கொய்யாவுக்குப் புதுக் கிளையிலதான் பூ வரும். அதனால தைரியமா வெட்டி ஏழடி உயரத்துக்குள்ள வச்சுக்கலாம். வெட்ட வெட்டக் காய்க்கும். சின்ன வீட்டுக்கு இதைவிட என்ன வேணும்? மாவுப்பூச்சி வரும், பழ ஈ வரும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஒரு துணிப்பையோ காகிதப்பையோ மாட்டிவிட்டா ஈயும் வராது, அணிலும் கொஞ்சம் யோசிக்கும்.

ரெண்டாவது சப்போட்டா. மெதுவா வளரும், அதுவே சின்ன வீட்டுக்கு நல்லது. ஒட்டுக்கன்னு மூணாவது வருஷத்துலயே காய்க்கத் தொடங்கிடும். கடல் காத்தையும் உப்பையும் தாங்குறதுல பழ மரத்துல இதுக்கு ஈடு கம்மி. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சப்போட்டா மெக்சிகோ பக்கத்து மரம். ஆனா நாம வாங்குற ஒட்டுக்கன்னுல பெரும்பாலும் வேர் மட்டும் பாலை மரத்தோடது. உலக்கைப்பாலைன்னு சொல்றோமே, நம்ம கிழக்குக் கடற்கரைக் காட்டு மரம், அதேதான். யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் பாலைப்பழம்னு தின்பாங்க. மேல வந்தவன், கீழ இந்த ஊர்க்காரன். பெரும்பாக்கத்துல இப்ப குடியிருக்கிறவங்களுக்கு அதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தெரியல.

மூணாவது, ரொம்பத் தாழ்வான மனைக்கு, வாட்டர் ஆப்பிள்னு விக்கிற ஜம்பு. தண்ணிக்குப் பயப்படாத மரம். தைவான்ல விவசாயிங்க பூ வைக்கிறதுக்காக இந்த மரத்தடியில வேணும்னே தண்ணி கட்டி நிறுத்துவாங்க. சுவை சுமார்தான், ஒத்துக்கிறேன். ஆனா வெயில் காலத்துல குழந்தைங்க விரும்பித் தின்னும். வெட்டி வச்சுக்கிட்டா அடங்கி நிக்கும்.

மாமரம் வேணாம்னு சொன்னா யாரும் கேக்கப் போறதில்ல. மா சில நாள் தண்ணியைத் தாங்கும். ஆனா வேற எதுவும் வைக்கக் கூடாது, வருஷா வருஷம் பழம் முடிஞ்சதும் கிளை வெட்டணும். அதுக்கு மனசு இருந்தா நீலமோ ஆம்ரபாலியோ ஒட்டுக்கன்னு ஒண்ணு வைங்க. பெருநெல்லியில ஒரு சிக்கல்: தனி மரமா நின்னா காய் பிடிக்கிறது சந்தேகம், பக்கத்துல வேற ரகம் ஒண்ணு வேணும். "பூ பூக்குது, காயே இல்ல"ன்னு மரத்தைத் திட்டாதீங்க. சின்ன வீட்டுக்கு அரைநெல்லியே போதும். ஸ்டார் ஃப்ரூட் இங்க நல்லா வரும், ஆனா வீட்டுல சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க இருந்தா அந்தப் பழம் வேணவே வேணாம், அது அவங்களுக்கு விஷம் மாதிரி.

பப்பாளியைப் பத்தித்தான் நிறைய பேர் என்கிட்ட சண்டை போடுவாங்க. "சீக்கிரம் காய்க்குமே"ம்பாங்க. தையில நட்டா ஒன்பது பத்து மாசத்துல பழம். கணக்குப் போடுங்க, ஐப்பசி, கார்த்திகை. பழம் பழுக்குற நேரமும் தண்ணி வர்ற நேரமும் ஒண்ணு. மேடு கட்டி வைக்க முடியாதுன்னா அதை விட்டுடுங்க.

மேடுன்னு சொன்னேன். மரத்தைத் தேர்ந்தெடுக்கிறதுக்குச் சமமா முக்கியம் இது. எல்லா இடத்துலயும் "மூணடிக்கு மூணடி குழி வெட்டி, எரு போட்டு நடு"ம்பாங்க. செம்மண்ணுல அது சரி. களிமண்ணுல நீங்க வெட்டுறது குழி இல்ல, கிணறு. சுத்தியிருக்கிற தண்ணியெல்லாம் அதுல வந்து இறங்கி நிக்கும், கன்னு அதுக்குள்ள ஊறும். இங்க குழி வேணாம். கொட்டின சவுட்டுல இருக்கிற செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி எல்லாத்தையும் பொறுக்கி எடுங்க. சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணுல கலந்தா இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அப்புறம் ரெண்டடி உயரம், ஆறடி அகலத்துக்கு நல்ல மண்ணும் மக்கின எருவும் கலந்து மேடு போடுங்க. சுத்தி சிமெண்டு பூசாம செங்கல்லை அடுக்கி வைங்க, தண்ணி கசிஞ்சு வெளிய போகட்டும். மேட்டு மேல கன்னு. எலுமிச்சைதான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கும் இதுதான் ஒரே வழி.

நடுற காலமும் மாத்தணும். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பழமொழி சொல்லி ஆடியில நடுறாங்க. பழமொழி விதைக்கு. பள்ளத்து மனையில ஆடியில வச்ச கன்னு மூணு மாசத்துல வெள்ளத்தைப் பார்க்கும், வேரே ஓடியிருக்காது. பொங்கல் முடிஞ்சு நடுங்க. கோடை முழுக்க நீங்க தண்ணி ஊத்தணும், அது வேலைதான். ஆனா மழை வரும்போது கன்னுக்கு ஒன்பது மாச வேர் இருக்கும்.

ஊத்துற தண்ணியையும் பாருங்க. போர் தண்ணி பக்கெட்டுல வெள்ளையாப் படியுதா? அப்ப அது உப்பு. சிலர் ஆர்.ஓ. மெஷின்ல இருந்து கழிவாப் போற தண்ணியைச் செடிக்கு ஊத்துறாங்க. வீணாக்கக் கூடாதுங்கிற எண்ணம் நல்லதுதான், ஆனா வடிகட்டின உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. சாரோட அவகேடோ செத்தது அப்படித்தான். இலை ஓரம் மொதல்ல கருகியிருக்கு, அவர் வெயில்னு நினைச்சு இன்னும் ஊத்தியிருக்கார். அந்தத் தண்ணியில வாசல் கழுவுங்க.

காத்தும் இருக்கு. 2016 டிசம்பர் 12, வர்தா. எங்க தெருவுல முருங்கை எல்லாம் பாதியில ஒடிஞ்சது. உயரமா வளர்ந்து, சுத்தி சிமெண்டு போட்டு, குழாய்க்காக ஒரு பக்கம் வேர் வெட்டின மரங்கள் அப்படியே பேர்ந்து விழுந்தது. குள்ளமா வெட்டி வச்ச கொய்யாவும் சப்போட்டாவும் இலையை உதிர்த்துட்டு நின்னது. உயரம் பெருமையில்லைங்க இந்தக் கரையோரத்துல.

கடைசியா, எனக்கு முக்கியமாப் படுறது. ஒரு வீட்டுக்கு ஒரு மரம் போதும். பத்தடிக்குப் பதினாலு அடியில ஒன்பது மரம் வச்சா ஒண்ணோட ஒண்ணு வெயிலுக்குச் சண்டை போட்டு எதுவும் காய்க்காது. எங்க தெருவுல அந்தக் காலத்துல ஒரு வீட்டுல கொய்யா, ஒரு வீட்டுல அரைநெல்லி, ஒரு வீட்டுல கொடுக்காப்புளி. யாரும் எல்லாத்தையும் வைக்கல. யார் வீட்டுல பழுத்தாலும் எல்லா வீட்டுக்கும் ஒரு சொம்பு போகும். நாவல் மாதிரி, தண்ணியில நிக்கத் தெரிஞ்ச பெரிய மரம் ஏரிக்கரையில இருந்தது, அது ஊருக்குப் பொது. இப்பவும் ஒரு தெருவுல பத்து வீட்டுக்காரங்க பேசி வச்சு ஆளுக்கு ஒண்ணு நடலாம். நாவல் கன்னை வீட்டு வாசல்ல வைக்காம, அனுமதி வாங்கி ஏரிக்கரையில வைக்கலாம்.

அப்படி ஒரு மரம்னு முடிவு பண்ணா இன்னொரு நன்மை. அந்த ஒரு மரத்துக்காக மண்ணை மூடாம விடுவீங்க. நான் பார்க்கிற புது வீடுகள்ல பாதி, வாசல்லருந்து பின்சுவர் வரைக்கும் சிமெண்டு. பக்கத்து வீட்டைவிட ஒரு அடி உசத்தி மண்ணும் கொட்டிக்கிறாங்க. "நம்ம வீட்டுக்குள்ள வராது"ம்பாங்க. எங்க போகும்? தாழ்ந்த வீட்டுக்குத்தான். கழனியில ஒருத்தன் வரப்பை உசத்தினா அடுத்தவன் மண்வெட்டியோட வந்து நிப்பான், பஞ்சாயத்து நடக்கும். மனையில கேக்க ஆளில்ல. ஒரு மரத்தடி மண்ணால வெள்ளம் நின்னுடாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் தெருவுல பத்து வீட்டுல பத்து துண்டு மண் திறந்திருந்தா அந்தளவு மழையாவது கீழ இறங்கும்.

மூணு மாசம் கழிச்சு சார்கிட்ட உண்மையைச் சொன்னேன். "சார், இது எங்க பெரியப்பா கழனி. உங்க வாசல் இருக்கிற இடம்தான் அதுலயே பள்ளம்." கோவிச்சுக்குவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துட்டு இருந்தார். "வாங்குறப்ப இதை ஒருத்தரும் சொல்லலையே தம்பி"ன்னார். "கேட்டிருந்தாலும் அன்னைக்கு நாங்க சொல்லியிருக்க மாட்டோம் சார்"னு சொன்னேன். அதுதான் நிஜம்.

பலாவையும் எலுமிச்சையையும் எடுத்துட்டோம். நெல்லியையும் மாவையும் என் குத்தகை நிலத்துக்கு, திருப்போரூர் தாண்டி, மேட்டுக்குக் கொண்டு போய் வச்சேன். நெல்லி பிழைச்சுது, மா பிழைக்கல. அடுத்த தையில மாதுளை இருந்த இடத்தையும் சேர்த்து மேடு போட்டு, அவரும் நானும் ஒரு சப்போட்டா நட்டோம். ரெண்டு மரமாச்சேன்னு கேக்காதீங்க, கொய்யாவை வெட்ட எனக்கும் மனசு வரல. நடும்போது பேத்தி கேட்டா, "தாத்தா, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"ன்னு.

அவர் என்னைப் பார்த்தார். நான் நெல் இருந்துச்சும்மான்னு சொன்னேன்.